அசையாமல் நில்

புரொஜெக்‌ஷன் மேப்பிங்கில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் "அசையாம நில்லும்மா" என்பது.

2016. விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் மூன்று நாள் பட்டறை நடந்தது. கட்டடத்தின் மீதும் சிலையின் மீதும் உடலின் மீதும் பிசகாமல் ஒளிப்படத்தைப் பொருத்தும் வித்தையைச் சொல்லித் தருவதாக அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். பதினான்கு பேர் சேர்ந்தோம். அதில் மூன்று பேர் பெண்கள். முதல் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பயிற்சியாளர் எங்கள் மூவரிடம் வந்து, யார் வீட்டிலாவது வெள்ளைச் சேலை இருக்குமா என்று கேட்டார். கரை இருக்கக் கூடாது, பளபளப்பு கூடாது, பூ வேலைப்பாடு கூடாது. அப்படிப்பட்ட சேலைகள் மட்டுமே இருக்கும் ஒரு டிரங்குப் பெட்டி எங்கள் வீட்டில் உண்டு. தாத்தா இறந்த நாளிலிருந்து ஆச்சி வேறு எதையும் உடுத்தியதில்லை.

"எதுக்குட்டி ஒனக்கு என் சேலை?"

"காலேஜ்ல படம் காட்டணும் ஆச்சி. அது மேல லைட் அடிப்பாங்க."

ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஏன், பயலுவ வேட்டி வெள்ளையா இருக்காதாமா?"

அந்தக் கேள்வியை நான் பட்டறையில் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, விளக்கணைத்த அரங்கில், ஆச்சியின் சேலையைச் சுற்றிக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றேன். என்மேல் மயில்தோகை விரிந்தது. தீ எரிந்தது. கோபுரம் எழும்பியது. கடைசியில் இந்திய வரைபடம் வந்தது. தலையில் காஷ்மீர், கணுக்காலில் குமரிமுனை. நான் மூச்சு விடும்போதெல்லாம் கடற்கரை ஆடியது. "மூச்ச கொஞ்சம் அடக்கிக்கோ" என்று லேப்டாப் பக்கமிருந்து குரல் வந்தது. கைதட்டல் பலமாக இருந்ததாகச் சொன்னார்கள். கண்ணுக்குள் புரொஜெக்டர் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை. அந்த அரங்கில் படத்தைப் பார்க்காத ஒரே ஆள் நான்தான்.

ஒத்திகையின்போது ஒருமுறை, நானும் மவுஸைப் பிடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "நீ இங்க வந்துட்டா அங்க யார் நிக்கிறது?" என்றார் பயிற்சியாளர். அவர் கெட்டவர் இல்லை. கோபத்தில் சொன்னதும் இல்லை. தொழில்நுட்பத்தின் தர்க்கப்படி அது சரியான பதில். அதனால்தான் இத்தனை ஆண்டுகளாக அந்தப் பதில் என்னை விடவில்லை. இந்தக் கலையில் எந்தப் படைப்பைப் பார்த்தாலும், இதில் யாரை அசையாமல் நிற்க வைத்திருக்கிறார்கள் என்று தேடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இந்தக் கலையின் அடிப்படை எளியது. சினிமாத் திரை தட்டையானது; படம் செவ்வகம்; இரண்டும் ஒன்றுக்கொன்று தோதாக ஏற்கெனவே செய்யப்பட்டவை. மேப்பிங்கில் திரை என்று தனியாக எதுவும் கிடையாது. தூண், படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, முகம் என எதுவும் திரையாகலாம். அந்தப் பொருளின் விளிம்புகளுக்கு ஏற்ப மென்பொருளில் படத்தை வெட்டி, இழுத்து, வளைத்து உட்கார வைக்க வேண்டும். ஜன்னல் இருக்கும் இடத்தில் மட்டும் நெருப்பு தெரிய வேண்டுமென்றால் படத்தின் மூலை ஜன்னலின் மூலையில் மிகச் சரியாக விழ வேண்டும். ஒரு விரற்கடை விலகினாலும் மாயம் கலைந்துவிடும். இதைப் பொருத்தம் என்று சொல்லலாம். பொருத்தம் பார்ப்பதில் இரண்டு வழி உண்டு: ஒன்று, படம் பொருளுக்கு வளைய வேண்டும், அல்லது பொருள் படத்துக்காக அடங்கி நிற்க வேண்டும். நம் ஊரில் பொருத்தம் என்றால் யார் வளைவது, யார் அடங்குவது என்பதை இந்தப் புத்தகத்தின் வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கலையின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 1969இலிருந்து தொடங்குகிறார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 'ஹாண்டட் மேன்ஷன்' என்ற பேய் மாளிகை திறக்கப்பட்டது. அதில் ஒரு கண்ணாடிக் கோளத்துக்குள் ஒரு பெண்ணின் தலை மட்டும் மிதந்துகொண்டு ஆவிகளை அழைக்கும். அவள் பெயர் மேடம் லியோட்டா. உள்ளே இருப்பது கண் மூக்கு வடித்த வெளிறிய தலைப் பொம்மை. அதன்மீது ஒரு பெண் பேசும் படச்சுருள் ஒளியாக விழும். முகம், டிஸ்னியின் வடிவமைப்புப் பட்டறையில் வேலை பார்த்த லியோட்டா டூம்ஸ் என்ற பெண்ணுடையது. குரல் எலினார் ஆட்லி என்ற நடிகையுடையது. 'சிண்ட்ரெல்லா' படத்தின் மாற்றாந்தாய்க்கும், தூங்கும் அழகியின் கதையில் சாபமிடும் சூனியக்காரிக்கும் குரல் கொடுத்தவர் அவர்தான்.

முகம் ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது, உடம்பு யாருடையதும் இல்லை. முப்பரிமாணப் பொருளின்மீது படத்தைப் பொருத்திய முன்னோடி என்று மாணவர்களுக்கு இதைத்தான் காட்டுகிறார்கள். நானும் முதலில் வியந்துதான் பார்த்தேன். இப்போது பார்க்கும்போது அதற்குள் ஓர் எளிய இயந்திரவியல் தெரிகிறது. பொம்மைத் தலை அசையாது. எனவே அதன்மேல் விழும் படத்திலுள்ள தலையும் அசையக் கூடாது. வாய் பேசலாம், புருவம் நெரியலாம். கழுத்து மட்டும் திரும்பக் கூடாது. திரும்பினால் மூக்கு கன்னத்தில் போய் விழும். பேசு, ஆனால் தலையைத் திருப்பாதே. நம் பெண் பார்க்கும் சடங்கில் சொல்லாமல் சொல்லப்படும் விதி இது. அங்கே அது ஒளியியல் விதி.

அடுத்த முக்கியமான பெயர் மைக்கேல் நைமார்க். 1980களின் தொடக்கத்தில் அவர் செய்த 'டிஸ்ப்ளேஸ்மென்ட்ஸ்' என்ற படைப்பில் ஒரு சாதாரண அமெரிக்க வரவேற்பறையை அப்படியே அமைத்தார். சோபா, விளக்கு, அலமாரி, சாமான்கள், அதில் புழங்கும் இரண்டு பேர். நடுவில் மெதுவாகச் சுழலும் மேடையில் 16 மில்லிமீட்டர் கேமராவை வைத்து எல்லாவற்றையும் படம் பிடித்தார். பிறகு அறையிலிருந்த அத்தனை பொருட்கள் மீதும் வெள்ளைச் சாயத்தைத் தெளித்தார். கேமரா இருந்த இடத்தில் அதே வேகத்தில் சுழலும் புரொஜெக்டரை வைத்து, எடுத்த படத்தை அறையின் மீதே திரும்பச் செலுத்தினார். வெளுத்துப்போன சோபாவின் மேல் சோபாவின் நிறம் வந்து உட்காரும். வெளிச்சம் நகர்ந்ததும் மீண்டும் வெளுத்துவிடும்.

சாமான்கள் எல்லாம் நிஜம் போலத் திரண்டு தெரிய, அந்த இரண்டு மனிதர்கள் மட்டும் ஆவி மாதிரித் தட்டையாகக் கடந்துபோவார்கள். அவர்கள் நடந்த இடத்தில் வெள்ளையடித்த உடல் எதுவும் நிற்கவில்லையே. எனக்கு மிகவும் பிடித்த படைப்பு இது. வீடு என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன கலைப்படைப்பை நான் அதிகம் பார்த்ததில்லை. சாமான் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. அதைப் புழங்கிய ஆள் நிற்க ஒரு பரப்பு இல்லை. நைமார்க் இதை வீட்டுப் பெண்களைப் பற்றிச் செய்யவில்லை. பார்ப்பவள் நான் என்பதால் எனக்கு அப்படித் தெரிகிறது. ஆச்சியின் பெட்டியைத் திறந்தபோதும் எனக்கு இதே வெள்ளைதான் முகத்தில் அடித்தது.

வெள்ளையடிப்பது இந்தத் துறையின் இயல்பாகவே ஆகிவிட்டது. 2001இல் ரமேஷ் ரஸ்கரும் உடனிருந்தவர்களும் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் செய்த 'ஷேடர் லாம்ப்ஸ்' ஆய்விலும் வெளிர்நிறத் தாஜ்மஹால் மாதிரி ஒன்றின்மீதுதான் பளிங்கையும் வெயிலையும் ஒளியால் பூசிக் காட்டினார்கள். பொருளுக்குச் சொந்த நிறம் இருந்தால் ஒளியின் நிறம் கெடும். எனவே முதலில் நிறத்தை எடுத்துவிடு. பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி அறிவுரை. கைம்பெண்ணுக்கு வெள்ளை உடுத்திவிட்ட சமூகம் எந்தப் படத்தை அவள்மேல் ஓட்ட நினைத்தது என்று கேட்டுக்கொள்ளும்போது அந்த ஒரு வரி கொஞ்சம் நீளமாகிறது.

இதே பொருத்தச் சிக்கலை முற்றிலும் வேறு விதமாக அவிழ்த்த ஒரு படைப்பு இருக்கிறது. அதைக் காணொளிப் பதிவில் பார்த்த இரவுதான் இந்தக் கலையைக் கற்றே தீர்வது என்று முடிவு செய்தேன். போலந்தில் பிறந்த கிரிஷ்டோஃப் வோடிச்கோ 2001 பிப்ரவரியில் மெக்சிகோவின் டிஹுவானா நகரில் இரண்டு இரவுகள் நடத்திய நிகழ்வு அது. டிஹுவானா அமெரிக்க எல்லையை ஒட்டிய ஊர். 'மக்கிலாதோரா' எனப்படும் ஒப்பந்த உற்பத்தி ஆலைகள் நிறைந்தது. டிவி, உதிரிபாகம், துணி என்று எல்லைக்கு அப்பால் விற்கப்போகிற பொருட்களைக் கோத்துத் தருவதில் பெரும்பகுதி உழைப்பு பெண்களுடையது. நகரின் பண்பாட்டு மையத்தில் உருண்டையான பெரிய திரையரங்கக் கட்டடம் ஒன்று உண்டு. அதன்மீது அந்தத் தொழிலாளப் பெண்களின் முகங்கள் நேரலையாக, கட்டடத்தின் முழு அளவுக்கு ஒளிர்ந்தன. கீழே சதுக்கத்தில் மக்கள் கூட்டம். ஆலையில் நடந்த சீண்டல், வீட்டில் வாங்கிய அடி, குடிகார ஆண்கள், சிறுவயதில் அனுபவித்த பாலியல் வன்முறை ஆகியவற்றை அவர்கள் தங்கள் சொந்தக் குரலில் சொன்னார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு கருவி. பெண்களின் தலையில் மாட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றைச் செய்திருந்தார் வோடிச்கோ. அதிலிருந்து நீண்ட கம்பியின் முனையில் சிறு கேமராவும் விளக்கும் மைக்கும் முகத்தை நோக்கி இருக்கும். தலை திரும்பினால் கேமராவும் கூடவே திரும்பும். எனவே அவள் நடக்கலாம், குனியலாம், அழுதுகொண்டே திரும்பி நிற்கலாம். கட்டடத்தின்மேல் அவள் முகம் இடம் மாறாமல் இருக்கும். லியோட்டாவின் சிக்கலும் இதுவேதான்: முகம் பரப்பில் பொருந்த வேண்டும். 1969இல் அதற்காகத் தலை அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. 2001இல் கேமரா தலைக்குக் கட்டுப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் முப்பத்திரண்டு ஆண்டுத் தொழில்நுட்ப வளர்ச்சி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் யாரைக் கட்டுவது என்பதை எந்தத் தொழில்நுட்பமும் தானாக முடிவு செய்வதில்லை. அந்தப் பட்டறையில் என் மூச்சுக்கு ஏற்பக் கடற்கரையை நகர்த்துவது பற்றி யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அந்த வரைபடம் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வோடிச்கோவை முழுக்கப் புகழவும் எனக்கு மனம் வரவில்லை. படைப்பின் பெயரோடு அவர் பெயர் இருக்கிறது. பேசியவர்களை 'மக்கிலாதோராப் பெண்கள்' என்றுதான் குறிக்கிறோம். நானும் இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறேன். சதுக்கத்தில் நின்றவர்களில் உறவினர் இருந்திருக்கலாம், மேற்பார்வையாளரும் இருந்திருக்கலாம். மறுநாள் காலை ஷிஃப்டுக்கு அந்தப் பெண் போக வேண்டும். முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது எப்போதும் விடுதலை என்று கலைவிமர்சனத்தில் எளிதாக எழுதிவிடலாம். கோளத்தின் வளைவில் அந்த முகங்கள் நடுவில் உப்பி, ஓரங்களில் இழுபட்டுத் தெரிகின்றன. படத்தை வளைத்துச் சரிசெய்து அந்த உப்பலை ஓரளவு குறைத்திருக்கலாம். குறைக்காமல் விட்டது நல்லதாகவே எனக்குப் படுகிறது. ஒரு கட்டடத்தைப் பேச வைப்பது முகத்துக்கு வலிக்கிற வேலை என்பது அதில் தெரிகிறது.

நளினி மலானி வேறு திசையில் போனவர். 1946இல் கராச்சியில் பிறந்து, பிரிவினையில் அகதியாக வந்த குடும்பத்தில் வளர்ந்தவர். பிரிவினைக் காலத்தில் பெண்களின்மீது நிகழ்ந்த வன்முறை பற்றி வீணா தாஸ் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்தது அவருடைய 'மதர் இந்தியா' என்ற 2005ஆம் ஆண்டுப் படைப்பு. தேசத்தைத் தாயாக வரைந்த கையே அதே தேசத்துக்காகப் பெண்ணுடலைக் கிழித்ததைப் பற்றியது அது. ஆச்சியின் சேலையில் வரைபடமாக நின்றவள் என்ற முறையில், அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆனால் மேப்பிங் கற்பவள் அவரிடம் பார்க்க வேண்டியது 2012இல் காசெல் நகரின் டாக்குமென்ட்டா கண்காட்சியில் வைத்த 'இன் சர்ச் ஆஃப் வேனிஷ்ட் பிளட்'. ஒளி ஊடுருவும் பெரிய உருளைகளின் உட்புறத்தில் ஓவியம் தீட்டி, மேலிருந்து தொங்கவிட்டுச் சுழல வைத்தார். புரொஜெக்டர் ஒளி அந்த உருளைகளைத் தாண்டித்தான் சுவருக்குப் போக வேண்டும். எனவே சுவரில் காணொளியும் ஓவியத்தின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்று ஓடும். உள்ளே நடப்பவர்களின் நிழலும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். மகாசுவேதா தேவியின் திரௌபதியும் கிறிஸ்டா வுல்ஃபின் கசாண்ட்ராவும் அந்த அறைக்குள் வந்துபோகிறார்கள். எந்த மேப்பிங் பாடத்தை எடுத்தாலும் நிழல் ஒரு பிழை. புரொஜெக்டரை உயரத்தில் மாட்டு, பார்வையாளரைத் தள்ளி நிறுத்து என்பார்கள். மலானியிடம் பொருத்தமே கிடையாது. எதுவும் எதன்மேலும் நிலையாக உட்காருவதில்லை. அசையாமல் நில் என்று யாரையும் சொல்லத் தேவையில்லாத ஓர் ஒளி அது. கண்ணைக் கவரும் துல்லியத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். எனக்கும் சில இடங்களில் படிமங்கள் அளவுக்கு மீறிக் குவிந்ததாகவே தோன்றியது.

நான் கற்றுக்கொண்ட கதை சிறியது. கல்யாண மண்டபங்களுக்கு ஒலி-ஒளி வாடகைக்கு விடும் கடையில் 3000 லூமென் புரொஜெக்டர் ஒன்றைக் கேட்டேன். "கூட ஆம்பளை யாரும் வரலியா?" என்றார்கள். முன்பணம் இரட்டிப்பாக வாங்கிக்கொண்டார்கள். மென்பொருளுக்குச் செலவில்லை. நார்வே கலைஞர் எச். சி. யில்யே எழுதிய விபிடி என்ற இலவச மென்பொருள் ஒரு தொடக்கக்காரிக்குப் போதும். படத்தின் நான்கு மூலைகளைப் பிடித்து இழுத்துப் பரப்பின் மூலைகளில் வைக்கலாம். வளைந்த பரப்பென்றால் படத்தைப் புள்ளி வலையாகப் பிரித்து ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தலாம். கோலம் போடுகிற கைக்கு இது தானாக வரும் என்று மேடைகளில் பாராட்டுகிறார்கள். வருகிறதுதான். ஆனால் கோலமாவுக்கு முன்பணம் கட்ட வேண்டியதில்லை.

கணக்கு முக்கியம். என் புரொஜெக்டர் மூன்று மீட்டர் தூரத்தில் இரண்டு மீட்டர் அகலப் படம் தரும். ஆறு மீட்டருக்குப் போனால் அகலம் நான்கு மீட்டர், பரப்பு நான்கு மடங்கு. ஒளி கால்பங்காக மங்கிவிடும். படம் பெரிதாக வேண்டும் என்ற ஆசையை இந்தக் கணக்கு சீக்கிரம் அடக்கும். கட்டடம் அளவுக்கு ஒளிர வேண்டுமென்றால் பல்லாயிரம் லூமென் வேண்டும். அது அரசும் பெருநிறுவனமும் வாடகை கட்டுகிற வெளிச்சம். இன்னொன்று, புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. கறுப்பு என்பது ஒளி போகாத இடம் மட்டுமே. தெருவிளக்கு எரிந்தால் உங்கள் கறுப்பு அந்த வெளிச்சத்தின் நிறம்தான். எங்கள் வீட்டுப் பின்சுவர் நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்தது. நீலம் சிவப்பை விழுங்கிவிடுவதால் தோலின் நிறம் செத்துத் தெரிந்தது. வெள்ளையடித்துவிடலாமா என்று யோசித்தேன். பிறகு சுவரை விட்டுவிட்டுப் படத்தில் சிவப்பைக் கூட்டினேன்.

சுவரில் காட்ட நினைத்தது அம்மாவை. பீடி சுற்றுகிறவள். ஏஜென்ட் இலையை நிறுத்துத் தருவதில் செய்யும் குறைவையும், சுற்றிக் கொண்டுபோனதைக் கழிவு என்று ஒதுக்குவதையும் தினமும் என்னிடம் சொல்லிப் புலம்புவாள். அதை அப்படியே அவள் முகத்தோடு தெருப்பக்கச் சுவரில் காட்ட வேண்டும் என்பது என் திட்டம். டிஹுவானாக் காணொளியை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் பார்த்தாள். "இவளுவளுக்கு மறுநாள் வேலை குடுத்தானா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. "மூஞ்சி வேண்டாம்ட்டி. கை மட்டும் எடு. தெருப்பக்கமும் வேண்டாம்."

எனவே பின்சுவர். தட்டை மடியில் வைத்து இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டும் கைகள். இரண்டு மீட்டர் அகலத்தில், சுவரிலிருந்த பழைய ஜன்னல் குழிக்குள் சரியாக உட்கார்ந்தன. நான் லேப்டாப்பில் இடது மூலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, காயப்போட்ட இலையை எடுக்க அம்மா குறுக்கே வந்தாள். அவள் முதுகில் அவளுடைய விரல்கள் ஓடின. தள்ளு என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். திரும்பிச் சுவரைப் பார்த்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். சுற்றி முடித்த பீடி ஒன்று அவள் உயரத்துக்குச் சுவரில் இருந்தது.

"நல்லாத்தானடி சுத்திருக்கேன்," என்றாள். "இதையா அவன் கழிவுன்னான்?"